செட்டிங்ஸை எங்கே வைப்பது: ரெஜிஸ்ட்ரியா, கோப்பா, என்விரான்மென்ட் வேரியபிளா?

இப்படி யாராவது கேட்டால், அந்த செட்டிங்கை மாற்றப்போவது யார் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன்.

விண்டோஸின் பொது செட்டிங்ஸ் களஞ்சியமான ரெஜிஸ்ட்ரியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். செட்டிங்ஸ் எழுதிவைத்த ஐஎன்ஐ கோப்புகள் ஆங்காங்கே சிதறிக் கிடந்த நிலையை மாற்ற, விண்டோஸ் 95 இதைத்தான் மையமாக வைத்தது. அலுவலகத்தில் உள்ள அத்தனை கணினிகளுக்கும் குரூப் பாலிசி மூலம் ஒரே மதிப்பை அனுப்ப வேண்டிய ஐடி நிர்வாகிக்கு இது வசதி. ஆனால் லினக்ஸில் இது கிடையாது. புதிதாக எழுதும் சர்வர் நிரலுக்கு நான் இதைத் தொடமாட்டேன்.

கான்ஃபிக் கோப்பு டெவலப்பருக்கு ஏற்றது. மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கிட்டில் போட்டுவிட்டால் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது தெரிந்துவிடும். சின்னச் சின்னத் தொல்லைகள் உண்டு: ஜேசான் வடிவக் கோப்பில் கமென்ட் எழுத முடியாது, யாமல் வடிவத்தின் 1.1 விதிப்படி, மேற்கோள்குறி இல்லாமல் எழுதிய நார்வேயின் 'என்ஓ' என்ற நாட்டுக் குறியீடு, 'இல்லை' என்று பொருள்பட்டு ஃபால்ஸ் ஆகிவிடும். பெரிய ஆபத்து, டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் கூடவே கிட்டுக்குள் போய்விடுவது. கோப்பிலிருந்து அழித்தாலும் பழைய கமிட்டில், அதாவது கிட் முன்பு பதிந்த பிரதியில், அது அப்படியே இருக்கும். பாஸ்வேர்டையே மாற்ற வேண்டியதுதான்.

அதனால்தான் பலரும், நிரல் தொடங்கும்போது வெளியிலிருந்து அதற்குக் கொடுக்கும் பெயர்-மதிப்பான என்விரான்மென்ட் வேரியபிளுக்குப் போகிறார்கள். 2011-இல் க்ளவுட் நிறுவனமான ஹெரோகுக்காரர்கள் நிரல் அமைப்புக்காக எழுதிய ட்வெல்வ் ஃபேக்டர் நெறிகளும் இதையே சொல்கின்றன. நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய ஒரே டாக்கர் இமேஜை டெஸ்ட்டிலும் ப்ரொடக்ஷனிலும் ஓட்ட இதுபோல எளிய வழி இல்லை.

ஆனால் இதில் எல்லாமே வெறும் ஸ்ட்ரிங். 'ஃபால்ஸ்' என்று கொடுத்துவிட்டு பைத்தானில் அப்படியே இஃப் போட்டால், காலியாக இல்லாததால் ட்ரூ என்றே எடுத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு வெளியே செய்த மாற்றம் தெரியாது. ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும். ரகசியம் பத்திரமாக இருக்கும் என்பதும் அரை உண்மைதான். லினக்ஸில் ரூட் என்ற நிர்வாகியும், பொதுவாக நிரலை ஓட்டும் அதே யூசரும், ஓடும் நிரல்களின் விவரங்களைக் காட்டும் ப்ராக் வழியாக அதைப் படித்துவிடலாம். நிரல் தொடங்கும் சைல்டு ப்ராசஸுக்கும், தடுக்காவிட்டால், அது போய்ச் சேரும். நிஜமான ரகசியங்களுக்கு வால்ட் போன்ற தனி ஏற்பாடுதான் சரி.

என் தேர்வு கலவைதான்: இயல்பு மதிப்புகள் கோப்பில், சர்வருக்குச் சர்வர் மாறுபவை மட்டும் என்விரான்மென்ட்டில். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டின் இயல்பான அமைப்பும் இதுவே. ஆப்செட்டிங்ஸ் என்ற அதன் கான்ஃபிக் கோப்பில் உள்ளதை என்விரான்மென்ட் மதிப்பு மேலெழுதிவிடும். அப்புறம் ஒரு குழப்பம் வரும்: ஓடும் மதிப்பு எங்கிருந்து வந்தது? நிரல் தொடங்கும்போதே ரகசியங்களை மறைத்து, மற்ற மதிப்புகளை அவை வந்த இடத்தோடு லாகில் எழுதச் செய்யுங்கள்.