ஆவாரம்பூ பாக்கெட்: பூ அசல், பொறுக்கினது போதாது

நாட்டு மருந்துக் கடையில் உலர்ந்த ஆவாரம்பூ 100 கிராம் பாக்கெட் வாங்கினேன், டீக்கும் குளியல் பொடிக்கும் சேர்த்து. பூவில் குறை சொல்ல முடியாது. நிழலில் காய வைத்தது என்று பார்த்ததுமே தெரிகிறது, வெயிலில் போட்டிருந்தால் இந்த மஞ்சள் வெளுத்திருக்கும், இதில் இதழில் ஓடும் நரம்புகூட அப்படியே நிற்கிறது. வெந்நீரில் போட்டால் பொன்னிறம் இறங்கி லேசான துவர்ப்போடு வருகிறது. கொஞ்சம் பனங்கற்கண்டு சேர்த்தால் பால் டீ ஞாபகமே வராது.

ஆனால் காம்பும் சருகும் தட்டைக் காயுமாகப் பாக்கெட்டில் கால்வாசி போய்விட்டது. ஆவாரைக்கு யாரும் தண்ணீர் விடுவதில்லை, உரம் போடுவதில்லை, மழை பொய்த்த தரிசிலும் ரோட்டோரத்திலும் தானாகப் பூத்துக் குலுங்கும். அதில் மனுஷ வேலை என்றால் பறிப்பதும் ஆய்வதும் காய வைப்பதும்தான். அந்த உழைப்புக்குத்தான் நான் காசு கொடுக்கிறேன், அதில் ஆய்கிற வேலையைப் பாதியில் விட்டால் எப்படி? காம்போடு கொதிக்க வைத்தால் துவர்ப்பு தூக்கலாகி நாக்கை இழுக்கிறது. இந்தச் செடியின் பட்டையை வைத்துத்தான் ஒரு காலத்தில் தென்னிந்தியாவில் தோல் பதனிட்டார்கள், அவ்வளவு துவர்ப்பு அதில்.

குளியல் பொடிக்கு முழு மார்க். பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கோடு அரைத்துச் சலித்துத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு போகிறது, தோல் வறளவில்லை. பாசிப்பருப்பு போட்டுக் கூட்டும் வைக்கலாம், அதற்கு மட்டும் பச்சைப் பூதான் சரி.

அப்புறம் அந்த லேபிள். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று போட்டது சரி, அது பாட்டன் காலத்துச் சொல். அதற்குக் கீழே 'சர்க்கரை நோயை அடியோடு விரட்டும்' என்று அச்சடித்திருப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. இதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை போடுகிறவர்கள் தினமும் குடிப்பதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், சர்க்கரை ரொம்ப இறங்கிவிடவும் கூடாது. கர்ப்பிணிகளும் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

கிராமத்துப் பக்கம் இருப்பவர்கள் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். பொங்கலுக்குக் காப்புக் கட்டப் பறிக்கும்போதே கூட இரண்டு கை பறித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். புகை படியும் மெயின் ரோட்டுச் செடி மட்டும் வேண்டாம். டவுனில் இருப்பவர்கள் இதை வாங்கலாம், காம்பு ஆய நேரமிருந்தால். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.