நாலு சோலார் பேனல், மூன்று விதம்: சீரியலா, பேரலலா, இரண்டும் கலந்தா?

மதுரை ஒத்தக்கடையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 160 வாட் பேனல்கள் நான்கு இருக்கின்றன. கீழே 12 வோல்ட் இன்வெர்ட்டர், பேரலலாகக் கோத்த 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரிகள் இரண்டு. இந்த நாலு பேனலையும் இரண்டு விதமாக மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டேன். மூன்றாவதைக் கணக்குப் போட்டுப் பார்த்ததோடு விட்டுவிட்டேன்.

முதலில் பேனலின் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். என்னுடையது வேலை செய்யும்போது 18 வோல்ட், 9 ஆம்ப்ஸ். எதிலும் மாட்டாமல் வெயிலில் வைத்தால் 22 வோல்ட். நாலையும் பேரலலில் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) மாட்டினால் 18 வோல்ட், 36 ஆம்ப்ஸ். சீரியலில் (ஒன்றின் பிளஸ் அடுத்ததன் மைனஸில்) 72 வோல்ட், 9 ஆம்ப்ஸ். இரண்டிரண்டாகச் சீரியல் செய்து, அந்த ஜோடிகளைப் பேரலலாக்கினால் 36 வோல்ட், 18 ஆம்ப்ஸ். பேனல் தரும் வாட் எதிலும் ஒன்றுதான். பேட்டரிக்கு எவ்வளவு வந்து சேருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் வந்த எலக்ட்ரீஷியன் பேரலலில் மாட்டிக்கொடுத்தார். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்த, விலை குறைந்த பி.டபிள்யூ.எம். வகைக் கன்ட்ரோலர். மாடியிலிருந்து பேட்டரி வரை 15 மீட்டர், 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர். கத்திரி வெயில் மதியம், ஒயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை வைத்தால் 24 ஆம்ப்ஸ்தான் காட்டியது. ஒயரைத் தொட்டால் சூடு. பேனல் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

பேனலில் ஒரு குறையும் இல்லை. போக வர 30 மீட்டர் ஒயருக்கு மின்தடை சுமார் 0.15 ஓம். அதில் 36 ஆம்ப்ஸ் ஓடினால் 5.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். அதோடு மதுரை வெயில் வேறு. ஸ்டிக்கரில் இருப்பது 25 டிகிரியில் அளந்த கணக்கு. மாடிச் சூட்டில் செல் 65 டிகிரிக்கு ஏறும்போது அந்த 18 வோல்ட் 15 பக்கம் இறங்கிவிடுகிறது. 15-இல் 5.4 போனால் மிச்சம் 9.6. பேட்டரி முழுதாக நிரம்பக் கேட்பதோ 14.4. அப்புறம் 36 ஆம்ப்ஸ் எப்படி வரும்?

அதற்காகப் பேரலலே தப்பு என்று சொல்லமாட்டேன். உசிலம்பட்டிப் பக்கம் சித்தப்பா தோட்டத்து மோட்டார் ரூமில் இரண்டே பேனல், ஒரு பேட்டரி, பி.டபிள்யூ.எம்., ஒயர் 5 மீட்டர். காலையில் வேப்பமர நிழல் ஒரு பேனலை மறைத்தாலும் இன்னொன்று தன்பாட்டுக்குச் சார்ஜ் ஏற்றுகிறது. "இதையும் சீரியலா மாத்திரலாமாப்பா?" என்று கேட்டார். "வேண்டாம் சித்தப்பா, இப்படியே இருக்கட்டும்" என்றேன். பி.டபிள்யூ.எம். பேனலைப் பேட்டரியின் வோல்ட்டுக்கே இறக்கிவிடும். சீரியலில் எத்தனை வோல்ட் சேர்த்தாலும் 9 ஆம்ப்ஸ்தான் கிடைக்கும். என் நாலு பேனலையும் அப்படி மாட்டியிருந்தால் 640 வாட்டில் 120 வாட் அளவுதான் வந்திருக்கும், அதுவும் கன்ட்ரோலர் அவ்வளவு வோல்ட்டைத் தாங்கினால்.

சீரியலின் அருமை எம்.பி.பி.டி. என்ற இன்னொரு வகைக் கன்ட்ரோலர் இருந்தால்தான் தெரியும். கூடுதல் வோல்ட்டை அது கரண்டாக மாற்றித் தந்துவிடும். அதே ஒயரில் 9 ஆம்ப்ஸ் மட்டும் ஓடுவதால் இழப்பு சுமார் 12 வாட்டோடு முடிகிறது. இரண்டிரண்டு முறையில் 49 வாட். பேரலலில் 36 ஆம்ப்ஸை இந்த 49 வாட் இழப்புக்குள் கொண்டுவர 16 ஸ்கொயர் எம்எம் ஒயர் இழுக்க வேண்டும். ஒயர் கணக்கு மட்டும்தான் என்றால் முழுச் சீரியலுக்கே என் ஓட்டு.

ஆனால் எங்கள் மாடியில் பேனலுக்குத் தெற்கே 6 அடி உயரத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. சித்திரையில் சூரியன் தலைக்கு மேல் நிற்பதால் மதிய நிழல் தொட்டியடியிலேயே ஒடுங்கிவிடும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். உச்சிப் பொழுதிலேயே 4 அடிக்கு நிழல் வடக்கே நீளும், காலையில் இன்னும் நீளம். சீரியலில் ஒரு பேனல் மறைந்தால், மற்றவற்றின் கரண்ட் அதன் பைபாஸ் டயோடு வழியாகத் தாண்டிப் போக முடியும். ஆனால் சரியான வோல்ட்டைத் தேடிப் பிடிக்கத் தெரியாத மலிவு எம்.பி.பி.டி., நிழலில் இருக்கும் பேனலின் குறைந்த கரண்டிலேயே நின்றுவிடும். ஒன்றால் நாலும் படுத்துவிடும். தவிர, முழுச் சீரியலில் எதிலும் மாட்டாத நிலையில் 88 வோல்ட் வரும். நான் வாங்கிய எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் தாங்குவது 75 வோல்ட்தான்.

அதனால் இரண்டிரண்டாக மாற்றினேன். எந்த இரண்டை ஜோடி சேர்க்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மார்கழிக் காலை 8 மணிக்குச் சாக்பீஸால் நிழலின் விளிம்பைத் தரையில் கோடு போட்டேன். நிழல் விழும் இரண்டையும் ஒரே ஜோடியாக்கினேன். ஜோடிக்கு ஒன்றாகப் பிரித்திருந்தால் இரண்டு ஜோடியும் கெட்டிருக்கும். இப்போது நிழல் நகரும்வரை அந்த ஜோடி சோர்ந்து கிடந்தாலும் மற்ற ஜோடி முழுதாக ஓடுகிறது. அடுத்த கத்திரியில் அதே மதிய நேரத்தில் பேட்டரிக்கு ஏறியது 31 ஆம்ப்ஸ்.

பழைய பேனலோடு புதிதைச் சேர்ப்பவர்கள் சீரியலில் ஆம்ப்ஸ் பொருந்துகிறதா என்று பாருங்கள். பேரலலில் வோல்ட் பொருந்த வேண்டும். மூன்று வரிசையோ அதற்கு மேலோ பேரலலாக வந்தால் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ஃப்யூஸ் போடுங்கள். வீட்டு ஸ்விட்ச் போர்டில் போடும் ஏசி எம்சிபியை (சர்க்யூட் பிரேக்கர்) இங்கே மாட்டாதீர்கள். பேனலில் இருந்து வரும் டிசி கரண்டில் கிளம்பும் பொறி லேசில் அணையாது. மாட்டும்போது கன்ட்ரோலருக்கு முதலில் பேட்டரி, அப்புறம் பேனல். கழற்றும்போது பேனல் முதலில், அதுவும் டிசி எம்சிபியை இறக்கிவிட்டு.