ஸ்பேசர்: ஆஸ்துமா உள்ள வீட்டில் இன்ஹேலரோடு இதையும் வாங்கி வையுங்கள்

அப்பத்தாவுக்கு முப்பது வருடமாக இழுப்பு. நீல இன்ஹேலர் எப்போதும் சுருக்குப்பையில் வெற்றிலையோடு கிடக்கும். மூச்சிரைத்தால் எடுத்து வாயில் வைத்து அழுத்துவார், மருந்து புஸ்ஸென்று நாக்கிலும் தொண்டையிலும் அடித்துவிடும், அப்புறம்தான் மூச்சை இழுப்பார். "தொண்டையெல்லாம் கசக்குது ராசா" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். நெஞ்சுக்குள் போக வேண்டிய மருந்து தொண்டையிலேயே தங்குகிறது என்று யாருக்கும் உறைக்கவில்லை.

போன வருடம் காரைக்குடியில் ஒரு டாக்டர்தான் ஸ்பேசர் வாங்கச் சொன்னார். முதலில் போன மருந்துக்கடையில் "அது சின்னப் பிள்ளைகளுக்குத்தான், பெரியவங்களுக்குத் தேவையில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது தவறு, யாராவது அப்படிச் சொன்னால் கேட்காதீர்கள். அடுத்த கடையில் ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைத்தது. பார்க்க ஒரு பிளாஸ்டிக் குடுவை, அவ்வளவுதான். ஒரு முனையில் இன்ஹேலரைச் செருகி, மறுமுனையை வாயில் வைத்து உதட்டை மூடிக்கொள்ள வேண்டும். அழுத்தியதும் மருந்து குடுவைக்குள் நிற்கும், நாம் நாலைந்து தடவை நிதானமாக மூச்சு வாங்கினால் உள்ளே போய்விடும். அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

இதன் அருமை பள்ளத்தூர் வீட்டில்தான் தெரிந்தது. முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்காக வீட்டைத் திறந்திருந்தோம். வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் வருடக்கணக்காகப் பூட்டிக்கிடந்த அறையிலிருந்து அண்டாவும் பழைய மெத்தைகளும் வெளியே வந்தன, வளவு முற்றம் முழுக்கத் தூசி. அப்பத்தாவை முகப்பிலேயே உட்காரச் சொன்னோம், கேட்கவில்லை. இரவு ஒன்றரை மணிக்கு எழுப்பினார். எழுப்பினார் என்றால் கூப்பிடவில்லை, கட்டில் சட்டத்தைத் தட்டினார். பேச்சு வரவில்லை, "மு... டி..." என்று இரண்டு எழுத்துக்கு ஒரு மூச்சு. கழுத்தெலும்புக்கு மேலே உள்ள குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்தது. வீசிங் சத்தம் வேறு குறைந்துகொண்டே வந்தது, சித்தி அதைக் கேட்டு சரியாகிறது என்று நினைத்தார், ஆனால் இவ்வளவு திணறும்போது சத்தம் அடங்குவது காற்று உள்ளே போகவே இல்லை என்பதற்கான அடையாளம். அதுதான் மிக ஆபத்து.

மருந்தைப் பனிப்புகை போலாக்கி மூச்சில் கொடுக்கும் நெபுலைசர் மெஷின் இருந்தது, கரண்ட் இல்லை. தம்பி உடனே 108-ஐக் கூப்பிட்டான். படுக்க வைக்கப் போன சித்தப்பாவைத் தடுத்து, நிமிர்த்தி உட்காரவைத்து, முன்னால் தலையணை வைத்து அதில் கையை ஊன்றச் சொன்னேன். இன்ஹேலரைக் குலுக்கி, ஸ்பேசரில் செருகி, ஒரு அழுத்து, முடிந்தவரை நாலைந்து மூச்சு. அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் விட்டு மறுபடியும் குலுக்கி அடுத்த அழுத்து. பத்து வரை போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார், உங்கள் அளவை உங்கள் டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏழாவது அழுத்தில்தான் "தண்ணி" என்று முழு வார்த்தை வந்தது. அந்தக் கைக்கு அன்றைக்கு இன்ஹேலரைப் பிடிக்கவே தெம்பில்லை, இந்தக் குடுவை இல்லாவிட்டால் மருந்து திரும்பவும் நாக்கில்தான் விழுந்திருக்கும்.

சொந்தக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போகலாம் என்று பெரியப்பா ஒரே பிடியாக நின்றார். வழியில் மூச்சு நின்றால் காரில் என்ன செய்ய முடியும்? 108 ஆம்புலன்ஸ் 22 நிமிடத்தில் வந்தது. எங்கள் தெருவில் வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், அதனால் தம்பி டார்ச்சோடு ஊரணி முக்கில் நின்றான். வந்ததும் ஆக்சிஜன் வைத்து, போகும்போதே நெபுலைசரும் கொடுத்து, காரைக்குடி அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள், ஒரு பைசா வாங்கவில்லை. மூச்சு கொஞ்சம் தேறியிருந்தாலும் போகத்தான் வேண்டும், ஏனென்றால் நீல இன்ஹேலர் மூச்சுக்குழாயை விரிக்கும், அதன் உள்வீக்கத்தைக் குறைக்காது. அதற்கு ஸ்டீராய்டு வேண்டும், அது வேலை செய்யவும் சில மணி நேரம் பிடிக்கும்.

குறை என்றால் பெரியதாக இருக்கிறது, சுருக்குப்பையில் போகாது. கழுவுவதில்தான் நாங்கள் முதலில் தப்புச் செய்தோம், துணியால் துடைத்தால் உள்ளே மின்னேற்றம் ஏறி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் முக்கியெடுத்துத் தானாகக் காயவிட வேண்டும். இன்ஹேலரில் இன்னும் எத்தனை அழுத்து இருக்கிறது என்று ஸ்பேசர் காட்டாது, எங்களுடையதில் எண் காட்டும் வசதியும் இல்லை, 200 அழுத்துதான் என்பதால் தொடங்கிய தேதியை மேலே எழுதி வைக்கிறோம்.

இப்போது இரண்டு இருக்கிறது. ஒன்று காரைக்குடி வீட்டில், இன்னொன்று பள்ளத்தூரில் அப்பத்தாவின் கட்டில் தலைமாட்டில், ஒரு இன்ஹேலரைச் செருகியபடியே.