உறுதிபூசுதலுக்கு ஒரு டாலர்: எந்தப் புனிதர், எந்த உலோகம்?

அக்கா மகனுக்கு உறுதிபூசுதல் (ஞானஸ்நானம் பெற்றவரை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் கத்தோலிக்கச் சடங்கு) நெருங்குகிறது. ஞானத்தந்தையாக நிற்கப்போவது நான். கழுத்தில் அணிய ஒரு புனிதரின் டாலர் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டேன். (பாட்டி காலத்தில் இதற்குப் பெயர் சுரூபம். கடையில் டாலர் என்றால்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்.) சொன்ன மறுநாளே வீட்டில் நான்கு கட்சிகள் உருவாகிவிட்டன. அம்மாவுக்கு அந்தோணியார், அக்காவுக்கு அற்புதப் பதக்கம், பையனுக்குப் புனித பெனடிக்ட், எனக்குச் சவேரியார்.

கடையில் எனக்கு முன்னால் நின்றவர், "இதில் எதற்குச் சக்தி அதிகம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் ஏற்கவில்லை. டாலர் தாயத்து அல்ல. திருச்சபை இதை அருள்வேண்டல் குறி என்கிறது. ஞானஸ்நானம், நற்கருணை முதலான அருளடையாளங்களைப் போல் இது அருளைத் தருவதில்லை. அருளைப் பெறவும் அதனோடு ஒத்துழைக்கவும் நம்மை ஆயத்தப்படுத்துகிறது. ஆகவே நான் பார்த்தது இரண்டுதான்: இந்தப் பையன் எந்தப் புனிதரோடு பேசுவான், எந்த டாலரைக் கழற்றாமல் போட்டிருப்பான்.

அந்தோணியாருக்காக அதிகம் வாதாட வேண்டியதில்லை. அவர் திருத்தலங்களான உவரிக்கும் புளியம்பட்டிக்கும் போய்வராத வருடம் எங்கள் வீட்டில் கிடையாது. செவ்வாய்க்கிழமை என்றாலே அவர் நாள். கையில் குழந்தை இயேசுவும் லீலி மலருமாக அவர் நிற்கும் கோலம் சிறிய டாலரிலும் சட்டென்று தெரிந்துவிடும். ஆனால் அது அம்மாவின் பக்தி. பையனுடையது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

என் கட்சியின் நியாயம் பெயரில் இருந்தது. பையனின் ஞானஸ்நானப் பெயர் சவேரியார். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, தாமே அவற்றை மனப்பாடம் செய்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். நம் கடற்கரையில் நடந்த புனிதரின் பெயரைச் சுமப்பவனுக்கு அவரே பாதுகாவலர் என்பதை இன்னமும் நம்புகிறேன். நான் தேடிய கடைகளில் கிடைத்ததோ ஒரே ஒரு சவேரியார் டாலர். அதிலும் முகம் மழுங்கியிருந்தது.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையேதான். அற்புதப் பதக்கம் 1830-இல் பாரிஸில் கத்தரீன் லபூரே என்ற இளம் துறவிக்கு மாதா காட்டிய வடிவம். 1832-இல் அந்நகரில் காலரா பரவியிருந்த நாட்களில் முதல் பதக்கங்கள் அச்சிடப்பட்டு மக்கள் கைக்கு வந்தன. மாதாவின் விரல் மோதிரங்களில் சிலவற்றிலிருந்து கதிர் வரவில்லை; மக்கள் கேட்க மறந்த வரங்களே அவை என்று கத்தரீனுக்குச் சொல்லப்பட்டது. அக்கா இதைச் சொல்லும்போது கண் கலங்குவாள். வடிவத்திலும் இது கெட்டிக்காரப் பதக்கம். நீள்வட்டத்துக்குள் கை விரித்து நிற்கும் ஓர் உருவம், பின்புறம் சிலுவையோடு பின்னிய 'எம்' எழுத்து, இரண்டு இதயங்கள், 12 விண்மீன்கள். ஒன்றரை சென்டிமீட்டர் அளவிலும் ஒன்றும் தொலைவதில்லை.

பெனடிக்ட் பதக்கம் அப்படியல்ல. இன்று பரவலாக விற்கும் வடிவம், புனிதர் பிறந்து 1400 ஆண்டுகள் ஆனதை ஒட்டி 1880-இல், அவர் இத்தாலியில் நிறுவிய மோந்தே கசீனோ மடத்துக்காக உருவானது. அதன் பின்புறம் முழுக்க இலத்தீன் முதலெழுத்துகள். சிலுவையின் கரங்களில், 'திருச்சிலுவை எனக்கு ஒளியாகட்டும், பறவைநாகம் எனக்கு வழிகாட்ட வேண்டாம்.' விளிம்பைச் சுற்றி, 'விலகிப் போ சாத்தானே, வீணானவற்றைக் காட்டி என்னை மயக்காதே. நீ ஊற்றித் தருவது தீயது, உன் நஞ்சை நீயே குடி.' ஏறத்தாழ 30 எழுத்துகள். சிறிய டாலரில் இவை வெறும் புள்ளிகளாகிவிடும். இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்த பெனடிக்ட் டாலரை வாங்காதீர்கள். படிக்க முடியாத செபத்தைக் கழுத்தில் தொங்கவிட்டு என்ன செய்வது?

பையன் வடிவத்தில் மயங்கித்தான் கேட்கிறான் என்று நினைத்தேன். எழுத்துகளின் பொருளைச் சொன்னபோது தாளில் எழுதி வாங்கிக்கொண்டான். இரண்டு நாள் கழித்து வரி பிசகாமல் ஒப்பித்தான். அதற்குப் பிறகு சவேரியாருக்காக நான் வாதாடவில்லை.

உலோகத்தைப் பற்றி எனக்குத் தெளிவான கருத்து உண்டு. கவரிங் வேண்டவே வேண்டாம். முலாம் முதலில் தேய்வது மேடான இடத்தில், அதாவது புனிதரின் முகத்தில். உள்ளிருக்கும் பித்தளை வியர்வை பட்டுப் பச்சை பிடிக்கும். அலுமினியம் மலிவு, குழந்தைகளுக்குப் போதும், ஆனால் மென்மையானது, சீக்கிரம் தேயும். தங்கத்தை விடுதிக்குப் போகும் பிள்ளையின் கழுத்தில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க எங்களால் முடியாது.

மிஞ்சியவை எஃகும் வெள்ளியும். கடலில் குளிப்பவனுக்கும் கழற்றிவைக்கும் பழக்கமில்லாதவனுக்கும் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு நல்லது. உப்பையும் வியர்வையையும் தாங்கும், கறுக்காது. நிக்கல் ஒவ்வாமை இருந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை. ஆனால் நான் பார்த்த எஃகு டாலர்களில் உருவம் கீறி வரைந்ததுபோல் தட்டையாக இருந்தது. 92.5 சதவீத வெள்ளியில் அச்சடித்த டாலரில் புனிதரின் அங்கி மடிப்பு விரலுக்குத் தட்டுப்படுகிறது. இருட்டில் படுத்துக்கொண்டு செபிக்கும்போது விரல் தேடுவது அதைத்தான். விலை பல மடங்கு என்றாலும் வெள்ளியையே எடுத்தேன்.

வெள்ளிக்குப் பராமரிப்பு உண்டு. காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகம் பட்டால் கறுக்கும். இளஞ்சூடான நீர், மென்மையான சோப்பு, பழைய பருத்தித் துணி போதும். பற்பசையால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் கலந்த வெந்நீரில் போட்டால் பளிச்சென்று ஆகும் என்பது உண்மைதான். ஆனால் உருவம் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்றே பள்ளங்களில் ஏற்றியிருக்கும் கருமையும் அதோடு போய்விடும். எழுத்துகள் நிறைந்த பெனடிக்ட் டாலருக்கு அது பெரிய இழப்பு. கழற்றி வைத்தால் காற்றுப் புகாத சிறு பையில் வையுங்கள். ரப்பர் பேண்டு சுற்றவே கூடாது. அதிலும் கந்தகம் இருக்கிறது.

பழையதாகிவிட்ட டாலரைக் குப்பையில் போடக் கூடாது. மந்திரித்த (அதாவது குருவானவர் செபித்து ஆசீர்வதித்த) பொருளை எரிக்கலாம் அல்லது மண்ணில் புதைக்கலாம். பாட்டியின் அலுமினிய அந்தோணியார் முகம் முழுதும் தேய்ந்தபின் அம்மா அவரை முருங்கை மரத்தடியில் புதைத்தார். மந்திரித்ததை விற்றால் அதோடு சேர்ந்த பலன் நீங்கிவிடும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. அதனால் கைமாற்றுவதென்றால் அன்பளிப்பாகக் கொடுங்கள்.

டாலர் தொலைந்துபோனவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் வளையம் விரிந்து விழுந்த கதையாகத்தான் இருக்கும். கடையில் கொடுத்த வளையம் வாய் பிளந்திருந்தது. பத்தரிடம் கொடுத்து ஊதிப் பற்றவைத்தேன். எஃகுச் சங்கிலி வெள்ளி வளையத்தைத் தேய்த்துவிடும் என்று அவர் சொன்னதால் சங்கிலியையும் வெள்ளியாகவே மாற்றினேன். பெனடிக்ட் பதக்கத்துக்கென்று தனி மந்திரிப்புச் செபம் உண்டு. வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்கப் பையனே போகிறான்.