இலவச உயர வரைபடமும் பசுமை வரைபடமும்: சரிவை நம்பலாம், பச்சையை அப்படியே நம்ப வேண்டாம்

யானை, காட்டெருமை, மான் எல்லாம் காட்டில் எந்த வழியாகப் போகும், எங்கே தங்கும் என்று வரைபடத்தில் கணிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பயன்படுத்துவது இரண்டு இலவசத் தரவுகள். ஒன்று, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு. இன்னொன்று, சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்திலிருந்து கணக்கிடும் என்டிவிஐ என்ற பசுமைக் குறியீடு.

உயரத் தரவை மனதாரப் பரிந்துரைப்பேன். க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் போட்டுச் சரிவு வரைபடமாக மாற்றினால், யானைத் தடம் ஏன் அப்படி வளைந்து போகிறது என்பது சட்டென்று விளங்கும். நாலு டன் உடம்பைச் சுமந்து 100 மீட்டர் ஏறினால், அந்தச் செலவை ஈடுகட்ட அது கூடுதல் நேரம் மேய வேண்டும், அதனால் செங்குத்தை ஒதுக்கிவிட்டு ஓடைக்கரையையும் கணவாயையும் பிடித்தே நடக்கும். வரையாடு போன்ற மலையாடுகளுக்கு நேர்மாறு. மேய்வது புல்வெளியில்தான், ஆனால் சிறுத்தை வந்தால் பாய்ந்து ஏறப் பாறை பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதனால் பாறையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் ஒரு தனி அடுக்காகச் செய்துகொள்ளுங்கள், அவற்றின் இடம் அதில்தான் தெளிவாகத் தெரியும். ஒரே குறை, இந்தத் தரவில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 30 மீட்டர் என்பதால் சின்னப் பாறைகள் காணாமல் போய்விடும்.

பசுமை வரைபடத்தில்தான் கவனம் வேண்டும். அடர்காடு கரும்பச்சையாகத் தெரியும், ஆனால் அந்த இலையெல்லாம் மர உச்சியில் இருக்கிறது, கீழே புல் மேயும் விலங்குக்கு ஒன்றும் கிடையாது. உண்ணிச்செடி மண்டிய இடமும் நல்ல பச்சைதான். மேய்கிற விலங்குகள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை, அடியில் புல்லையும் அது வளர விடாது. தீ பட்ட புல்வெளியோ படத்தில் வெளிறித்தான் தெரியும், அங்கே இப்போதுதான் தளிர் விட்டிருக்கும், மான்கள் அதைத் தேடி வரும். இன்னொன்று, ஒரே புதர் புலிக்குப் பதுங்க மறைவு, வெயிலில் காட்டெருமைக்கு நிழல். பச்சை என்ற ஒற்றை எண்ணில் தீனி, நிழல், மறைவு மூன்றும் கலந்து கிடக்கின்றன, அதைப் பிரிக்க வரைபடத்தால் முடியாது.

அப்புறம், 5 நாளுக்கு ஒரு படம் வந்தாலும் மழைக்காலத்தில் மேகம் மூடிவிடும், புல் துளிர்க்கும் நேரமும் அதுதான்.

சரிவுக்குத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைக்கு, வரைபடத்தில் ஒரே நிறமாகத் தெரியும் சில இடங்களையாவது நடந்து பார்த்து, சாணமும் குளம்படியும் இருக்கிறதா என்று குறித்த பிறகு எடுங்கள்.