மாடியில வைக்க ஒரிகானோவா, கற்பூரவள்ளியா?

வீட்லயே பீட்சா, பாஸ்தா செய்றவங்க நிறைய பேரு மாடியில ஒரிகானோ வைக்கலாமான்னு கேக்குறாங்க. நான் சென்னையில ரெண்டையும் வளர்த்துட்டு இப்ப கற்பூரவள்ளி பக்கம்தான். காரணம் ஒண்ணே ஒண்ணு, தண்ணி.

வெயில் ரெண்டுக்கும் வேணும், தொட்டியும் பெருசா வேண்டாம், அதுல பேச ஒண்ணுமில்ல. ஆனா ஒரிகானோ மத்தியதரைக் கடல் பக்கம் கல்லு நிறைஞ்ச வறண்ட சரிவுல வளர்ற செடிங்க, இங்க அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் அடிக்கிற மழையில மண்ணு நாள்கணக்கா காயாது, வேர் அழுகிடும். எல்லாரும் போடுற கோகோபீட் (தேங்கா நார்த் தூள்) கலவை தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும், அதனால மணலோ, பெர்லைட்டுங்கிற லேசான வெள்ளைக் கல்லுத் துகளோ தாராளமா கலக்கணும், மேல் மண்ணு நல்லா காஞ்சப்புறம்தான் தண்ணி விடணும், மழை வந்தா தொட்டியத் தூக்கி உள்ள வைக்கணும். ஊருக்குப் போறப்ப பக்கத்து வீட்ல சொல்லிட்டுப் போனா அவங்க அக்கறையா தினமும் ஊத்துவாங்க, அதுவே அதுக்கு எமன்.

கற்பூரவள்ளிக்கும் தண்ணி தேங்கினா ஆகாதுதான். ஆனா தண்டும் இலையும் சதைப்பத்தா இருக்கறதால நாலஞ்சு நாள் மறந்தாலும் தாங்கும், அப்படியே அழுகினாலும் நல்ல கொப்பு ஒண்ணக் கிள்ளி நட்டா ரெண்டு வாரத்துக்குள்ள வேர் விட்டுடும், காசு செலவில்ல. ஒரிகானோ விதை தூசி மாதிரி, மண்ணு மூடாம மேலாகத் தூவணும், முளைச்சு வர்ற செடியும் ஒவ்வொண்ணு ஒவ்வொரு வாசம். நாத்தா வாங்குறதா இருந்தா இலையக் கசக்கி மோந்து பாத்து வாங்குங்க, வெள்ளைப் பூ பூக்குற கிரேக்க வகைக்குத்தான் காரம் அதிகம்.

ரெண்டுலயும் கார்வக்ரால்ங்கிற வாசனைப் பொருள் இருக்கு, அதான் வாசம் கிட்டத்தட்ட ஒத்துப்போகுது. தக்காளி சாஸுக்குப் பூண்டு வதக்கும்போதே கற்பூரவள்ளி ரெண்டு இலையப் பொடியா நறுக்கிப் போட்டா போதும், கூடிப்போனா கஷாய வாசம் வந்துடும். மிச்ச இலைக்கு பஜ்ஜி, ரசம், தயிர்ப் பச்சடின்னு தினமும் வேலை இருக்கு.

காய வைக்கிறதுல மட்டும் ஒரிகானோவ அடிச்சுக்க முடியாது. பூ விடறதுக்கு முன்னாடி அறுத்து நிழல்ல கட்டித் தொங்கவிட்டா வாசம் இன்னும் ஏறும், கற்பூரவள்ளி இலை காயறதுக்குள்ள கறுத்துப் போயிடுது. அதனால பீட்சா மேல தூவ நான் இன்னும் கடையில பாக்கெட்தான் வாங்குறேன்.

இதெல்லாம் கடலோர ஊர் மொட்டை மாடிக் கணக்கு. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருக்கறவங்களுக்கு ஒரிகானோ நல்லாவே வரலாம், அங்க வளர்க்கிறவங்க சொன்னாதான் சரியா இருக்கும்.