1/32 ஹினோ லோரி கிட்: அப்பாவின் அரிசி லோரிக்கு இது போதுமா?

துண்டுகளை ஒட்டிக் கட்டும் இந்தப் பிளாஸ்டிக் மாடல் கிட்டை நான் வாங்கியது அதன் மேலட்டையில் இருக்கும் லோரியைக் கட்டுவதற்காக அல்ல. அட்டையில் இருப்பது ஜப்பானியர்கள் டெக்கோதோரா என்று சொல்லும் அலங்கார லோரி. நெற்றியில் குரோம் கிரீடம், பம்பர் முழுக்க விளக்குகள், பக்கவாட்டில் அலை, கடல், கழுகு என்று ஓவியம். எனக்கு வேண்டியது அந்த நகையெல்லாம் கழற்றினால் அடியில் கிடைக்கும் சாதாரண ஹினோ என்ற ஜப்பானிய லோரி. அப்பா கடைசியாக ஓட்டியது அது மாதிரி ஒன்றைத்தான். அலோர் ஸ்டாரில் அரிசி ஏற்றிக்கொண்டு குரூண் வழியாகப் பினாங்குக்கு வருவார். 1985-இல் பாலம் திறப்பதற்கு முன்பு லோரியோடு ஃபெர்ரியில் ஏறித்தான் தீவுக்கு வர வேண்டும் என்று இன்றும் கதை சொல்வார். நீலத் தலை, மரத் தொட்டி, கண்ணாடிக்கு மேலே "முருகன் துணை".

கிட் ஜப்பானின் ஷிசுவோகாவில் தயாரானது. தமியா, ஹசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி என்ற கிட் நிறுவனங்கள் எல்லாமே அந்த ஒரே மாநிலத்துக்காரர்கள். இதில் எது என்று நான் எழுதப்போவதில்லை. எனக்கு வந்த பெட்டியில் ஒரு குறை இருந்தது. அது என் பெட்டிக்கு மட்டும் நேர்ந்ததாகவும் இருக்கலாம், அதற்காக ஒரு நல்ல நிறுவனத்தின் பெயரைக் கெடுக்க மனமில்லை. வாங்கியது இணையத்தில், 190 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. விற்றவர் சரியாகச் சுற்றி அனுப்பாததால் ஒரு மூலை நசுங்கி, முன்கண்ணாடித் தூண் ஒன்று உடைந்து வந்தது. தமியாவின் எக்ஸ்ட்ரா தின் பசையில் ஒரு சொட்டு வைத்தேன். அது ஒட்டும் பசை என்பதைவிட பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்கும் திரவம் என்பதுதான் சரி. விரிசலில் தூரிகை நுனியை வைத்தால் தானே உள்ளே ஓடிவிடும். மறுநாள் உப்புத்தாளால் தேய்த்ததும் உடைந்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை.

முதலில் அளவைப் பற்றி. லோரி கிட்களில் 1/24, 1/32 இரண்டும் கிடைக்கின்றன, அதாவது நிஜ லோரியின் 24-இல் ஒரு பங்கு, 32-இல் ஒரு பங்கு நீளம். அப்பாவின் லோரி ஏறத்தாழ 9 மீட்டர் இருந்திருக்கும். 1/24-இல் அது 37 சென்டிமீட்டருக்கு மேல் போகும். 1/32-இல் 28-தான். ஆயர் ஈத்தாமில் எங்கள் வீடு பதினான்காவது மாடியில் மூன்று அறை. டிவி மேசையில் 28-க்கு இடமுண்டு, 37-க்கு இல்லை. இன்னொரு வசதியை நான் பெட்டியைத் திறந்த பிறகுதான் உணர்ந்தேன். ஐரோப்பிய லோரி கிட் வாங்கினால் பெரும்பாலும் ஸ்டீரிங் இடப்பக்கம் இருக்கும். மலேசிய லோரியாக மாற்ற வேண்டுமானால் டேஷ்போர்டையே வெட்டித் திருப்ப வேண்டும். ஜப்பானும் நம்மைப் போல இடப்பக்கச் சாலை நாடு, அதனால் ஸ்டீரிங் வலப்பக்கமே வந்துவிடுகிறது. நம் ஊர் லோரி கட்ட நினைப்பவர்களுக்கு இது ஒன்றே பாதி வேலையைக் குறைத்துவிடும்.

லோரித் தலையின் வார்ப்பு அருமை. கதவுக் கோடுகள் ஆழமாக, ஒரே சீராக இருக்கின்றன. கதவுப் பிடியின் அடியில் விரல் போகும் பள்ளம்கூட இருக்கிறது. முன் கிரில்லின் கம்பிகளை எண்ணிப் பார்க்கலாம். உள்ளே இருக்கைக்குப் பின்னால் படுக்கும் பலகை தனித் துண்டாக வருகிறது. அதைப் பார்த்ததும் அப்பா துண்டை மடித்துத் தலைக்கு வைத்துப் படுப்பது நினைவுக்கு வந்தது. தலையின் உட்கூரையில், அச்சிலிருந்து துண்டைத் தள்ளும் ஊசிகளின் வட்டத் தழும்புகள் நான்கு இருந்தன. கூரை ஒட்டிய பிறகு தெரியாது, நான் அப்படியே விட்டுவிட்டேன்.

குறை என்று சொன்னேனே, அது லோரியின் அடிச்சட்டத்தில். இரண்டு நீளக் கட்டைகளில் ஒன்று லேசாக முறுக்கியிருந்தது. அப்படியே ஒட்டினால் ஒரு டயர் தரையைத் தொடாது, லோரி ஒரு கால் குட்டையான நாற்காலி மாதிரி ஆடும். வெந்நீரில், கை பொறுக்காத சூட்டில், ஒரு நிமிடம் வைத்து எடுத்து, கண்ணாடித் துண்டின் மேல் கிடத்தி, ஆறும்வரை பாரம் வைத்தேன். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், கட்டை வளைந்துபோகும். எனக்கு எப்படியும் சட்டத்தை வெட்ட வேண்டியிருந்தது. ஜப்பானில் இந்த வகை லோரிக்கு 12 மீட்டர் வரை அனுமதி, கிட் அந்த நீளத்தையொட்டி வருகிறது. தலைக்கும் பின் அச்சுக்கும் நடுவில் 9 சென்டிமீட்டர் வெட்டி எடுத்தேன். வெட்டிய இடத்தை நேராகச் சேர்த்து ஒட்டினால் பின்னாளில் பிளந்துவிடும். உட்பக்கம் பிளாஸ்டிக் பட்டை வைத்து, இரண்டு பக்கமும் 2 சென்டிமீட்டர் மேவும்படி ஒட்டினேன். பின் அச்சுக்குப் போகும் தண்டான புரொபெல்லர் ஷாஃப்டையும் அதே அளவுக்குக் குறைக்க மறந்துவிடாதீர்கள்.

குரோம் துண்டுகள் தனி அத்தியாயம். பெட்டியில் பாதிக்குப் பாதி குரோம். பசை குரோமில் பிடிக்காது, ஒட்டும் இடத்தையெல்லாம் கத்தியால் சுரண்ட வேண்டும். எனக்குக் குரோமே வேண்டாம். பம்பர், கண்ணாடித் தாங்கி, டேங்க் மூடி எல்லாவற்றையும் துணி வெளுக்கும் குளோரின் திரவத்தில் போட்டு வைத்தேன். ஒரு மணி நேரத்தில் பளபளப்பு கரைந்து வெறும் பிளாஸ்டிக் வந்தது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள், வேறு எந்த சோப்பையும் அதில் கலக்காதீர்கள். கிரீடத்தையும் விளக்கு வரிசையையும் அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். யாருக்காவது அலங்கார லோரி கட்ட வேண்டுமென்றால் அவற்றின் வார்ப்பு மிக நன்றாக இருக்கிறது.

தலைக்குத் தமியாவின் டிஎஸ்-15 நீல ஸ்ப்ரே, டப்பா 100 மில்லிலிட்டர். இந்த அளவு லோரித் தலைக்கு ஒரு டப்பா தாராளமாகப் போதும். ஆனால் நம் ஊர் ஈரத்தைப் பற்றி டப்பாவில் யாரும் எழுதிவைக்கவில்லை. அக்டோபரில் ஒரு சாயங்காலம், மழை விட்ட அரை மணி நேரத்தில், நடைபாதையில் நின்று அடித்தேன். பத்து நிமிடத்தில் நீலத்தின் மேல் பால் படிந்த மாதிரி வெண்மை. கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்துவிடுகிறது. அழுதுவிடலாம் போல இருந்தது. பயப்பட வேண்டாம். இரண்டு நாள் காயவிட்டு, வெயில் அடிக்கும் காலையில் பதினொரு மணி வாக்கில் அதே நிறத்தை மெல்லிய பூச்சாக மறுபடி அடித்தேன். வெண்மை போய்விட்டது. அதிலிருந்து டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வைத்துவிட்டு, வெயில் நாளில் மட்டும்தான் அடிக்கிறேன். பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் நாட்களில் அந்த நேரம் எனக்கு ஒத்துவருகிறது.

கிட்டில் வரும் டெக்கால்கள், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய அச்சுப் படங்கள், எல்லாம் ஜப்பானிய எழுத்து. மெல்லியவை, தண்ணீரில் சீக்கிரம் நழுவுகின்றன, நிறமும் அடர்த்தி. எனக்குப் பயன்பட்டவை விளக்கு எச்சரிக்கைக் குறிகள் மட்டுமே. நம் லோரிக் கதவில் முதலாளி பெயர், முகவரி, சுமையோடு எடை, சுமையில்லா எடை எல்லாம் வெள்ளையில் எழுதியிருக்கும். வீட்டு அச்சுப்பொறியில் வெள்ளை மை கிடையாது. அதனால் வெள்ளை டெக்கால் தாளில் சுற்றிலும் நீலத்தை அச்சிட்டு, எழுத்தை வெறுமையாக விட்டேன். நீலம் ஒத்துப்போக ஏழு முறை அச்சிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. பகல் வெளிச்சத்தில் கூர்ந்து பார்த்தால் இன்னும் ஒரு நூல் வித்தியாசம் தெரியும்.

"முருகன் துணை"யை மட்டும் கையால் எழுதினேன். உண்மையில் அந்த எழுத்து ஒரு சாண் உயரம் இருந்திருக்கும், இங்கே 6 மில்லிமீட்டர். மஞ்சளை நேராக நீலத்தின் மேல் வைத்தால் பச்சையாகத் தெரிகிறது. முதலில் வெள்ளையில் எழுதி, காய்ந்த பின் அதே கோட்டின் மேல் மஞ்சள். மூச்சை அடக்கிக்கொண்டுதான் 'ணை'யின் கொம்பை இழுக்க முடிந்தது. மொத்தம் ஆறு எழுத்து, அதில் ஒரே ஒரு புள்ளி, 'ன்'-க்கு. அந்தப் புள்ளியைத் தூரிகையால் வைத்தால் பெரிதாகிவிடுகிறது. பல்குத்தும் குச்சியின் முனையை உப்புத்தாளில் தீட்டி, ஒரு தொடு தொட்டேன். மூன்று சனிக்கிழமை ஆயிற்று. இந்த லோரியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கிட்டில் இருக்கும் மூடிய பெட்டியை எடுத்து வைத்துவிட்டு, மரத் தொட்டி கட்டினேன். காப்பி கலக்கும் மரக்குச்சிகள் 6 மில்லிமீட்டர் அகலம். 32-ஆல் பெருக்கினால் 19 சென்டிமீட்டர், நிஜப் பலகையின் அகலம் கிட்டத்தட்ட அதுவேதான். நம் லோரிகளுக்கு கெருயிங் மரம் போடுவார்கள், சிவப்புக் கலந்த பழுப்பு. தேயிலைச் சாற்றில் இரவு முழுக்க ஊறவைத்து, காய்ந்தபின் தமியா எக்ஸ்எஃப்-64 சிவப்புப் பழுப்பை நீர்த்துத் தடவினேன். அரிசி மூட்டை இழுத்து இழுத்துத் தேய்ந்த நடுப்பகுதியை உப்புத்தாளால் வெளுக்கவைத்தேன். தார்ப்பாய்க்கு மெல்லிய டிஷ்யூ, நீர்த்த வெள்ளைப் பசையில் நனைத்தது. கயிற்றுக்கு நூல்.

டயர்கள் ரப்பர், பள்ளங்கள் ஆழமாக இருக்கின்றன. நடுவில் உப்புத்தாளை ஒரு சுற்று விட்டால் ஓடிய டயர் போல ஆகிவிடும். பின் சக்கர நட்டுகளைத் தனித்தனியாக வார்த்திருப்பது நல்ல வேலை. செய்முறைத் தாள் ஜப்பானிய மொழியில் என்றாலும் படம் தெளிவு, வழி தவறாது. ஜன்னல் துண்டுகளுக்கு மட்டும் உடனடிப் பசை போடாதீர்கள், அதன் ஆவி கண்ணாடியை மங்கவைத்துவிடும். வெள்ளைப் பசையே போதும்.

முதல் கிட்டாக இதை வாங்கச் சொல்ல மாட்டேன். துண்டுகள் அதிகம், குரோம் சுரண்டவே பொறுமை வேண்டும். தமியாவின் 1/24 கார் ஒன்றில், ஃபோக்ஸ்வேகன் பீட்டில் போன்ற ஒன்றில், கை பழகட்டும். இரண்டு மூன்று கார் கட்டியவர் தயங்காமல் வாங்கலாம். தலைக்காகவும் சட்டத்துக்காகவும் மட்டுமே இதற்கு அந்த விலை கொடுக்கலாம். மீதி பாதி லோரியை நீங்கள்தான் செய்ய வேண்டும், அதற்கு இது உறுதியான அடித்தளம்.

போன ஞாயிற்றுக்கிழமை முடித்து அப்பாவின் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலில் கதவில் இருந்த எடையை வாசித்தார். பெயரை வாசித்தார். அப்புறம் தொட்டிப் பக்கம் திருப்பி, தார்ப்பாய் நூலை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கயிறு இப்படிக் கட்டுனா குரூண் தாண்டறதுக்குள்ள அவுந்துரும்மா. கொக்கி எங்க?"

"கொக்கியா, எதுக்குப்பா?"

"கட்டைக்கு அடியில வரிசையா இருக்கும். அதுலதான் கயித்த மாட்டி இழுக்கணும்."

நான் நூலை தொட்டிப் பலகையில் சும்மா ஒட்டியிருந்தேன். அப்பா அதை அவிழ்க்கச் சொல்லி, என் தையல் பெட்டியிலிருந்து தடித்த நூல் எடுத்து, நாற்காலிக் கைப்பிடியில் கட்டிக் காட்டினார். ஒரு மடிப்பு வைத்து, அதை ஒரு முறுக்கு முறுக்கி, அந்த வளையத்தின் வழியாகக் கீழ்க்கயிற்றை இழுத்தால் இரண்டு மடங்கு இறுகுகிறது. ஒரே இழுப்பில் அவிழவும் செய்கிறது. நான் ஐந்து முறை கட்டிப் பார்த்த பிறகுதான் சரி என்றார்.

இப்போது மெல்லிய செப்புக் கம்பியை ஊசியின் மேல் வளைத்துக் கொக்கி செய்துகொண்டிருக்கிறேன். பக்கத்துக்கு ஒன்பது என்று அப்பா கணக்குச் சொன்னார். இடப்பக்கம் முடிந்தது, வலப்பக்கம் இன்னும் ஆறு பாக்கி.